ய-வுல ஒரு பேரு

பிள்ள பேரு என்னம்மா?

யஷ்விகாவா. ம். அந்தச் சன்னல அடச்சிரு, பஸ்ஸு போற வேகத்துக்குக் காத்து மூஞ்சிலயே அடிக்கி பாரு. அர்த்தம் என்ன? புகழா? யாரு சொன்னா? ஓ, போன்ல போட்டிருந்துதா. சரி, போன்லயே போட்டிருந்தா பெறகு நான் என்ன சொல்ல. பொம்பளப் பிள்ள, நல்லா இருக்கட்டும். எனக்குன்னு வாய்க்கி பாரு, எங்க போனாலும் இந்த யானா எழுத்தே வந்து பக்கத்துல உக்காருது.

தப்பா எடுத்துக்காத. நான் பால்வாடி டீச்சர். அங்கன்வாடின்னு போர்ட மாத்தி எத்தனையோ வருசமாச்சி, எங்க ஊர்ல இன்னும் பால்வாடிதான். ராஜகனி டீச்சர்னு கேட்டா திசையன்விளைக்குச் சுத்துப்பட்டு எல்லாரும் சொல்லுவாவ. இருவத்திமூணு வருசம் பிள்ளையளுக்குப் பேரு கூப்பிட்டே தொண்ட வத்திப் போச்சி. முன்னால ஒரு சென்டர்ல நாலு இசக்கி இருக்கும். அது ஒரு இம்ச. நெட்ட இசக்கி, குட்ட இசக்கி, சளி இசக்கின்னு பிரிச்சிக் கூப்பிடணும். இப்பம் என்ன வாழுதாம்? தன்ஷிகா, ஜோஷிகா, மோஷிகா, ரோஷிகா. ஒருத்தியக் கூப்பிட்டா ஏழு பேரு திரும்பிப் பாக்கு. மோஷிகான்னா என்ன அர்த்தம்னு அவ அம்மகிட்ட கேட்டேன். "தெய்வீக ஒளி டீச்சர்"ங்கா. தெய்வீக ஒளி மூக்க ஒழுக விட்டுக்கிட்டு சத்துமாவுக் கொழுக்கட்டைக்கு அழுதுக்கிட்டு நிக்கி.

நீ பாளையங்கோட்டைதானா? நான் ஜங்சன் போணும். ஆபீஸ்ல மெமோ குடுத்திருக்காவ. நேர்ல வந்து விளக்கம் சொல்லணுமாம். களவாண்டுட்டேன்னு நினைக்காத. ஒரு பேரு எழுதினேன், அதுக்கு. மூணே எழுத்து. இந்த மூணு எழுத்துக்கு ரெண்டு பஸ் மாறி நான் போறேன். கேக்குதியா? பிள்ள தூங்குது, உனக்கும் வேற சோலி இல்ல.

எனக்கு ஒரு தம்பி. லிங்கதுரை. எனக்கும் அவனுக்கும் பதினாலு வயசு வித்தியாசம். அவன் ரெண்டாங் கிளாஸ் படிக்கயில அம்ம போயிட்டா. நான் கல்யாணம் முடிஞ்சி ரெண்டே வருசத்துல வீட்டுக்குத் திரும்பி வந்தவ, அது வேற கத, அத விடு. நாந்தான் வளத்தேன். பாலிடெக்னிக் படிக்க வச்சேன். இப்பம் பணகுடிப் பக்கம் கரண்டு எடுக்குத காத்தாடி கம்பெனில வேல. அம்புட்டு உயரத்துல ஏறி நின்னு வேல செய்வான், வீட்டுல எங்கிட்ட மட்டும் தலை நிமிர மாட்டான். அப்படி ஒரு மரியாத. அதாவது, இருந்துது.

அவனுக்குப் பொண்ணு எடுத்தது ஆலங்குளத்துல. பேரு இசக்கிப்பிரியா. நல்லாப் பாரு பேர. அம்மக்காரி இசக்கின்னு நேந்திருக்கா, அப்பங்காரன் பிரியான்னு ஆசப்பட்டிருக்கான், ரெண்டையும் ஒட்டவச்சிட்டாவ. பத்திரிகையில பாத்த அன்னிக்கே தெரியும் எனக்கு, பேரு விசயத்துல வில்லங்கம் பிடிச்ச குடும்பம்னு. ஆனா வேலைவெட்டில ஒரு குற சொல்ல முடியாது. பேச்சுதான் கிடையாது. நாம பத்து வார்த்த சொன்னா "சரி மதினி"ன்னு ஒரு வார்த்த வரும். அந்த ஒரு வார்த்தையிலயும் சரின்னு சொல்லுதாளா வேண்டாம்னு சொல்லுதாளான்னு கண்டுபிடிக்க முடியாது.

முதல்ல ஒண்ணு உண்டாச்சி. தங்கல. எட்டாம் மாசம் அசைவு இல்லன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். எடுத்தாவ, அழல. பொம்பளப் பிள்ள. நாந்தான் முன்ன நின்னேன். அவகிட்ட காட்டாதீங்கன்னு நர்ஸம்மாகிட்ட சொன்னதும் நாந்தான். இந்த வேலையில நான் எத்தன பாத்திருக்கேன். மொகத்தப் பாத்துட்டா லேசுல மறக்காது. பாக்கலன்னா ஆறு மாசத்துல எந்திரிச்சிருவா. அவ படுத்தவாக்குல கைய நீட்டினா. நான் கைய மடக்கி விட்டுட்டுப் போர்வைய இழுத்து மூடுனேன். தம்பி ஒரு துண்டுல பொதிஞ்சி தூக்கிட்டுப் போனான். போனவன் வர ரெண்டு மணி நேரம். ஒரு மொழம் குழிக்கி ரெண்டு மணி நேரமான்னு வாசல்ல நின்னு ஏசுனேன். அவன் நேரா குளிக்கப் போயிட்டான்.

பதிவேட்டுல ஏத்தணும்லா? எங்க சென்டர் கணக்குல உள்ள கர்ப்பிணிதான அவளும். பிரசவ விவரம், இறந்து பிறந்தது. பாலினம், பெண். எடை, ஒண்ணே முக்கால். குழந்தையின் பெயர்னு ஒரு கட்டம் உண்டு. அதுல ஒரு கோடு. அப்படித்தான் போடணும், அதான் முற. சூப்பர்வைசர் மேடம் வந்து பச்ச மையில கையெழுத்துப் போட்டுட்டுப் போனாவ. முடிஞ்சிது.

ஒரு மாசம் கழிச்சி இவ சென்டருக்கு வாரா. மிச்சம் இருந்த சத்துமாவு பாக்கெட்டத் திருப்பிக் குடுக்க வந்தாளாம். குடுத்துட்டுப் போவ வேண்டியதுதான? நிக்கா. "மதினி, நோட்டுல என்ன எழுதியிருக்கீங்க?"ன்னா. காட்டினேன். ஒவ்வொரு கட்டமா வெரல வச்சிப் படிச்சா. கோட்டுக்கிட்ட வந்ததும் வெரலு நின்னுட்டு. "இதுல பேரு எழுதலாமா?"

"பேரு வச்சாத்தான எழுத? மூச்சே விடாத பிள்ளைக்கி என்னத்த பேரு?"ன்னேன். சரிதான? சட்டப்படி சரிதான? "சரி மதினி"ன்னுட்டுப் போயிட்டா.

இத எதுக்குச் சொல்லுதேன்னா, நான் ஒண்ணும் ஒளிக்கல, அதுக்குத்தான்.

ரெண்டு வருசம் கழிச்சி அடுத்தது பொறந்துது. இதுவும் பொம்பளப் பிள்ள. மூணு கிலோ, நல்ல குரலு, ஆஸ்பத்திரியே கேட்டுது. நான் அன்னிக்கே நேரத்த எழுதிக்கிட்டு ஜோசியர்கிட்ட போனேன். சித்திரை, மூணாம் பாதம். "ரா-வுல வைங்க"ன்னு அவரு சொல்லுதாரு. நான் சொல்லல பாத்துக்கோ, அவரா சொல்லுதாரு. ரானா! ராஜேஸ்வரி இல்லியா, ராஜலெச்சுமி இல்லியா, ராதா இல்லியா, ராஜகனி இல்லியா? இருக்கிறதச் சொன்னேன். எம் பேர வைங்கன்னு நான் கேக்கல. அத்த பேர வச்சா பிள்ளைக்கி ஆயுசு கெட்டின்னு எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டு, அதையும் சொன்னேன். அம்புட்டுத்தான்.

"ய-வுல வைக்கணும் மதினி"ன்னா.

எனக்குப் புரியல. சித்திரைக்கு யானா எங்க இருந்து வந்துது? ஜோசியர் எழுதிக்குடுத்த சீட்டக் காட்டுதேன், அவ போனக் காட்டுதா. யானா வரிசைப் பேரு மட்டும் வரிசையா போட்டிருக்கான். பேரு, அர்த்தம், எந்த மொழி. நான் கண்ணாடியப் போட்டுக்கிட்டு உக்காந்து எல்லாருக்கும் வாசிச்சேன். அன்னிக்கி அவ அம்ம, சித்தி, எங்க தெருப் பொம்பளைய எல்லாரும் பிள்ள பாக்க வந்திருந்தாவ. யசோதா. சரி, ஒத்துக்கலாம். யமுனா. ஆறு. யாத்ரா, பயணம். "இது பஸ்ஸுக்கு வைக்கிற பேருல்லா"ன்னேன், எல்லாரும் சிரிச்சாவ. யாஸ்மின், பாரசீக மொழி, மல்லிகைப் பூ. மல்லிகைன்னே வச்சித் தொலைய வேண்டியதுதான, பூ வாங்க எதுக்குப் பாரசீகம் போணும்? யாமினி, இரவு. "பச்சப் பிள்ளைக்கி இருட்டுன்னு பேரு, கரண்ட் போனா கூப்பிட்டுக்கலாம்"ன்னேன். அதுக்கும் சிரிச்சாவ. இவ மட்டும் சிரிக்கல.

"அது வேண்டாம் மதினி. அது எடுத்தாச்சி"ன்னா.

எடுத்தாச்சாம்! ரேசன் கடையில சீனியா எடுத்தாச்சின்னு சொல்ல? எதுத்த வீட்டுல எவளாவது வச்சிருப்பான்னு நான் நினைச்சேன்.

கடசில யாழினின்னு ஒண்ண வெரல் வச்சிக் காட்டினா. யாழ் மாதிரி இனிமையானவளாம். நீ யாழப் பாத்திருக்கியா? நானும் பாத்ததில்ல. அவளும் பாத்ததில்ல. ஒருத்தரும் பாக்காத ஒண்ணு எப்படி இனிக்கும்? கேட்டேன். அவ அங்க இருந்து வெரல எடுக்கல. எனக்கு வந்துது கோவம். அத்தன பேரு முன்னால ஜோசியர் சீட்டு ஒரு பக்கம், எம் பேச்சு ஒரு பக்கம் செல்லாக் காசா கிடக்கு. "ய, யன்னு பிடிச்சி நிக்கியே, ய-ன்னா யமன். ஒண்ண வாரிக் குடுத்தது பத்தாதா?"ன்னுட்டேன்.

வாயில வந்துட்டு. வந்தத என்ன செய்ய?

அவ பிள்ளைய மடியில இருந்து எடுத்து அவ அம்மகிட்ட குடுத்துட்டு எந்திரிச்சி உள்ள போனா. கதவச் சாத்தல. சாத்திருந்தாக்கூட ஏசலாம். தம்பி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தான். "எக்கா, நிறுத்து"ன்னான். முப்பத்தி மூணு வருசத்துல முதத் தடவையா அவன் எங்கிட்ட சொன்ன சொல்லு. அந்தத் தெருப் பொம்பளைய ஒருத்தியாவது என் பக்கம் பேசணுமே? ஒவ்வொருத்தியா செருப்பத் தேடிக்கிட்டு எந்திரிக்கா.

பேரு வைக்கிற அன்னிக்கி நான் போவக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா பிள்ள காதுல மூணு தடவ பேரச் சொல்ல வேண்டியது அத்ததான. எங்க வழக்கம் அது. என்ன விட்டா அந்தப் பிள்ளைக்கி வேற அத்த கிடையாது. ஆக, என்ன இல்லாம அவளுக்கு யாழும் இல்ல, வீணையும் இல்ல. நல்ல பட்டா எடுத்துக் கட்டிக்கிட்டுப் போனேன்.

ஒரு காரியம் மனசுக்குள்ள வச்சிருந்தேன். உங்கிட்ட சொல்லுததுக்கு என்ன, நீ பாளையங்கோட்டைல எறங்கிப் போயிருவ. காதுல சொல்லுதது யாருக்குக் கேக்கும்? பலகையில என்னத்தயும் எழுதட்டும், சர்டிபிகேட்ல என்னத்தயும் அடிக்கட்டும். காதுல நான் சொல்லுததுதான பேரு? பிள்ளைய மடியில வாங்குனேன். வெத்தலைய வச்சி காத மறச்சேன். குனிஞ்சி, "ராஜகனி"ன்னு ஒரு தடவ சொன்னேன். சொல்லிட்டேன். பிள்ள கண்ண மூடிக்கிட்டுச் சிரிச்சுது.

ரெண்டாந் தடவ குனியப் போறேன். இவ பக்கத்துல வந்து முட்டுக் குத்தி உக்காந்தா. "மதினி, வெறும் பேரு மட்டும் வேண்டாம். யாமினி தங்கச்சி யாழினின்னு சொல்லுங்க"ன்னா.

"எந்த யாமினி?"ன்னேன் நான்.

அம்புட்டுப் பேரு இருக்காவ. அவ அம்ம முந்தானையக் கடிச்சிக்கிட்டுத் திரும்பிக்கிட்டா. தம்பி தரையப் பாக்கான். எதுத்த வீட்டுக்காரி, எனக்குச் செய்தின்னு ஒண்ணு இருந்தா வந்து ஒப்பிச்சிட்டுத்தான் காப்பி குடிப்பா, அவகூட பேசாம நிக்கா. அப்பந்தான் எனக்குப் புரிஞ்சிது. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எந்தப் பிள்ளைக்கி எப்பம் தடுப்பூசின்னு தேதி வாரியா சொல்லுத ராஜகனி டீச்சருக்கு மட்டும் தெரியல.

என்ன செய்வ நீயா இருந்தா? நான் குனிஞ்சேன். "யாமினி தங்கச்சி யாழினி"ன்னு சொன்னேன். சொல்லிட்டு ஒரு மடக்குத் தண்ணி வாங்கிக் குடிச்சேன். காலையில இருந்து வெறும் வயிறு, அதான். இன்னொரு தடவ சொன்னேன். அதோட மூணு. அந்த மூணுல ஒண்ணு எம் பேருதான், அத யாராலயும் மாத்த முடியாது. இப்பவும் நான் ராஜின்னுதான் கூப்பிடுதேன். திரும்பிப் பாக்கும்.

பந்தி முடிஞ்சி கை கழுவுத எடத்துல தம்பியப் பிடிச்சேன். "எங்கிட்ட ஏம்ல சொல்லல?"ன்னேன்.

"நீ கேக்கல எக்கா"ன்னான்.

"எப்பம் வச்சீங்க?"

"வயித்துல இருக்கயிலயே வச்சிட்டோம். பொம்பளப் பிள்ளதான்னு அவளுக்கு ஒரு நினைப்பு, வயித்தத் தொட்டு அப்படித்தான் கூப்பிடுவா. ஆஸ்பத்திரில நீ காட்ட விடல. நாந்தான் தூக்கிட்டுப் போனேன். பேரு சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். மண்ணு போட மனசு வரல. அதான் நேரமாயிட்டு"ன்னான். சொல்லிட்டு, தண்ணிக்குழாயத் தொறந்து விட்டுக்கிட்டு கழுவுன கையவே திரும்பத் திரும்பக் கழுவுதான்.

எனக்கு அவம்மேல என்ன ஆத்திரம் தெரியுமா. அம்ம மாதிரி வளத்தவகிட்ட சொல்லாத பேச்சு என்ன பேச்சு? அவ சொல்லிக் குடுத்திருப்பா. ஊமச்சி.

திங்கக்கிழமை சென்டருக்குப் போனேன். பிள்ளையளுக்குச் சோறு போட்டுப் படுக்க வச்சிட்டு, ஆயாம்மாவ அரிசி பொடைக்கச் சொல்லிட்டு, பீரோவுல இருந்து பழைய பதிவேட்ட எடுத்தேன். என்னமோ எடுத்தேன். அந்தப் பக்கம், அந்த வரி. எங்கையால போட்ட கோடு. நான் கோடு போட்டா ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கும். கோட்டுக்கு மேல நீல மையில யாமினின்னு எழுதினேன். அச்சடிச்ச மாதிரி எழுதினேன். எங்கையெழுத்துக்கு ஒன்றிய அளவுல பரிசு வாங்கியிருக்கேன் நான்.

போன மாசம் ஆய்வுக்கு வந்தாவ புது மேடம். நேத்து வேலைக்கி வந்தவ, எம் மக வயசு இருக்கும், மக இருந்திருந்தா. எல்லாத்தையும் போன்ல ஏத்தியாச்சி, பழைய நோட்ட எவரும் தொறக்க மாட்டாவன்னு நினைச்சேன். அவிய தொறந்துட்டாவ. பச்ச மையில கையெழுத்தான பக்கத்துல நீல மை எப்படி வந்துதுன்னு கேக்காவ. சொன்னேன். சொன்னா அந்த மேடம் என்ன சொல்லுதாவ தெரியுமா? "இறந்து பிறந்ததுக்கு ஏதும்மா பேரு? அதுக்கெல்லாம் கட்டத்துல கோடுதான் போடணும், உங்களுக்குத் தெரியாதா?"ன்னு கேக்காவ. எப்படித்தான் அப்படிப் பேச நாக்கு வருதோ. நெஞ்சுல ஈரம்னு ஒரு சொட்டு வேண்டாம்? பெத்தவ காதுல விழுந்தா எப்படி இருக்கும்னு யோசிக்க வேண்டாம்? படிப்பு மட்டும் இருந்தாப் போதுமா? நான் நல்லாக் கேட்டுட்டேன். அதுவும் சேந்துதான் இந்த மெமோ.

தம்பி பொண்டாட்டிக்கு இது ஒண்ணும் தெரியாது. நோட்டுல எழுதுனதும் தெரியாது, மெமோவும் தெரியாது. எதுக்குச் சொல்லணும்? சொன்னா, மதினி எறங்கி வந்துட்டாவன்னு நினைப்பா. நான் ஒண்ணும் எறங்கல. யாழினி இப்பவும் எனக்குப் பிடிக்காத பேருதான். ரானாவுல வச்சிருந்தா எம்புட்டு லட்சணமா இருந்திருக்கும்.

விளக்கம் எழுத்துலயும் வேணுமாம். எங்க தெருவுல ஒரு பிள்ள பி.எட். படிக்கா, அவகிட்ட எழுதி வாங்கலாம்னு போனேன். "தவறுதலாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்னு போட்டாப் போதும் டீச்சர், விட்டுருவாவ"ன்னா. அழகா எழுதியும் குடுத்தா. வீட்டுக்கு வந்து வாசிச்சிப் பாத்தேன். தவறுதலாவா எழுதுனேன்? ஸ்கேல் வச்ச மாதிரி எழுதிட்டு, தவறுதலான்னு எப்படிக் கையெழுத்துப் போட? கிழிச்சிப் போட்டுட்டு நானே எழுதுனேன். இந்தா இருக்கு பாரு, பைக்குள்ள. நீ பிள்ளைய வச்சிருக்க, நானே வாசிக்கேன்.

"மேற்படி குழந்தைக்குப் பெயர் உண்டு. பதிவு செய்த அன்று அதைத் தாயிடம் நான் கேட்கவில்லை. தாய் கேட்டபோதும் எழுதவில்லை. ஆகவே கோடு போட்டதுதான் தவறு. பெயர் எழுதியது திருத்தம்."

எப்படி இருக்கு? அம்புட்டுத்தான். இதுக்கு மேல அவியளுக்கு என்ன எழுத? கீழ கையெழுத்து, மு. ராஜகனி. அதுக்குக் கீழ பதவி போடணும். அங்கன்வாடிப் பணியாளர்னு போட்டேன். போட்டுட்டுப் பாத்தா, வரியில கொஞ்சம் எடம் பாக்கி கிடந்துது. குழந்தையின் அத்தைன்னு சேத்து எழுதிட்டேன்.

படிச்சிக்கிடட்டும்.